அலுமாரித் திறப்பு

போனில் புதுசா ஒரு செயலியைப் போட்டு, அதில் ஒரு படம் ஏற்றப் போனால் திரையில் மூன்று தெரிவுகள் வரும். தெரிந்தெடுத்த படங்களை மட்டும் கொடு. எல்லாவற்றையும் கொடு. ஒன்றையும் கொடுக்காதே. போனுக்குப் போன் சொற்கள் கொஞ்சம் மாறும், ஆனால் விசயம் இதுதான். எங்களில் பெரும்பாலானவர்கள் அதை வாசிப்பதில்லை. படம் ஏற்றுகிற அவசரத்தில், பெருவிரலுக்குக் கிட்ட எது இருக்கோ அதை அமத்திப்போட்டுப் போய்விடுவோம்.

இந்தக் கட்டுரை அந்த மூன்று தெரிவுகளைப் பற்றியது. கலைப்பீடத்தில் படிக்கிற ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இது கணினிப் பாடமாக வரவில்லை, மாமாவின் ஸ்ரூடியோவில் இருந்து வந்தது.

முதலில் கலரி என்று நாங்கள் சொல்கிற இடத்தில் உண்மையில் என்ன கிடக்கிறது என்று ஒருக்கா மேலிருந்து கீழே தள்ளிப் பாருங்கள். லெக்சரில் எடுத்த பலகைப் படம். நண்பியின் கொப்பிப் பக்கங்கள். அடையாள அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும். காசு போட்ட வங்கிச் சிட்டை. அப்பாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை. யாரோ ஒருவருடன் கதைத்ததன் ஸ்கிரீன்ஷொட். உடுப்புக் கடையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று எடுத்து, ஒருவருக்கும் அனுப்பாமல் வைத்திருக்கிற நாலு படம். செத்த வீட்டில் எடுத்தது. குழந்தை குளிக்கிறது. இவை எல்லாம் ஒரே பெட்டிக்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன. எங்கட வீட்டில் அம்மா காணி உறுதியை ஒரு இடத்திலும், நகையை இன்னொரு இடத்திலும், அல்பத்தை வேறொரு தட்டிலும் வைப்பார். போனில் அப்படித் தட்டுகள் இல்லை. ஒரு செயலிக்குக் கலரியைத் திறந்துவிட்டால் எல்லாத் தட்டும் திறந்துவிடும்.

எங்கட சந்தியில் மாமா ஒரு சின்ன ஸ்ரூடியோ வைத்திருக்கிறார். பாஸ்போட் சைஸ் படம், லமினேற், போட்டோக்கொப்பி, சாமத்தியவீட்டு அல்பம், மரண அறிவித்தல், அந்தியேட்டிக் கல்வெட்டுக்குப் படம் திருத்துகிறது என்று எல்லாம் நடக்கும். கம்பஸ் இல்லாத நாட்களில் நான் அங்கே நிற்பேன். முன்பு ஆட்கள் படத்தைக் கையில் கொண்டு வந்தார்கள். இப்போது போனைக் கொண்டு வருகிறார்கள். கவுண்டரில் வைத்துவிட்டு, "பிள்ளை, இதுக்குள்ளதான் எங்கேயோ கிடக்கு, பாத்து எடு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருக்கிற பாமசிக்குப் போய்விடுவார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவர்களின் முழுக் கலரியும் என் கையில். ஒரு படத்தைத் தேட முந்நூறு படத்தைத் தள்ள வேண்டும். தள்ளும்போது கண்ணை மூட முடியாது. ஊரில் யாருக்கு என்ன வருத்தம், யாரின் மகன் எந்த நாட்டில் எந்தக் கோலத்தில் இருக்கிறான், யாருக்கு யாரோடு கதை என்று ஒரு படம் எடுத்து ஒட்டுகிற நேரத்தில் தெரிந்துவிடும். நான் அவற்றை வெளியில் சொன்னதில்லை. ஆனால் நான் சொல்ல மாட்டேன் என்பதற்கு அவர்களிடம் என்ன உத்தரவாதம் இருந்தது? மாமாவின் முகமும், நான் இன்னாரின் மகள் என்பதும் மட்டும்தான்.

போன வருடம் ஒரு அம்மா வந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். மகனின் படத்தைப் பெரிசாக்கிப் பிரேம் போட வேண்டும் என்றார். "அல்பம் எல்லாம் 2009 இல ஓடேக்க விட்டிட்டு வந்திட்டம்." அதற்குப் பிறகு பல வருடமாக மகனின் ஒரு படம்கூட அவரிடம் இருக்கவில்லை. கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரின் பழைய கலியாண அல்பத்தில், ஒரு குறூப் படத்தின் ஓரத்தில் அவன் நின்றிருக்கிறான். அவர்கள் அந்தப் பக்கத்தைப் போனால் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவர் போனைத் தரவில்லை.

"நானே எடுத்துத் தாறன் பிள்ளை. நீ கொஞ்சம் அங்கால திரும்பி நில்."

திரும்பி நின்றேன். மெசினுக்கு மேலே தொங்குகிற கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் பத்து நிமிடம் எடுத்திருக்கும். பிறகு "இந்தா" என்றார். திரையில் அந்த ஒரு படம் மட்டும் நிறைந்து நின்றது. படத்தைக் கணினிக்கு எடுத்து முடியும் வரைக்கும் போனின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தபடிதான் இருந்தார்.

மகனின் நினைவு சம்பந்தப்பட்டது என்றபடியால்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். நான் கேட்காமலே அவர் காரணம் சொன்னார். "மற்றது எல்லாம் பேத்தியின்ர படம். ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம் எண்டு அவளின்ர தாய் சொன்னவ." அவ்வளவுதான். பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் அது அவருடைய வீட்டின் முடிவு. அந்த முடிவைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி, என்னைத் திருப்பி நிறுத்துவது.

இதை வீட்டில் அண்ணாவிடம் சொன்னேன். பெரியம்மாவின் மகன், கணினி விஞ்ஞானம் படிக்கிறவர். அவர் சிரித்துவிட்டு, "அந்த அம்மா செய்ததுக்குப் பேர் போட்டோ பிக்கர்" என்றார். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டேன்.

அவர் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். எங்கட வீட்டுக்கு ஒருவர் வந்து "கலியாணப் படம் பாக்கலாமோ" என்று கேட்டால், அம்மா உள்ளுக்குப் போய், அலுமாரியைத் திறந்து, அந்த அல்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து விறாந்தையில் வைப்பார். வந்தவர் அறைக்குள் போகமாட்டார். அலுமாரிக்குள் வேறு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. போட்டோ பிக்கரும் அப்படித்தான். படத்தைத் தெரிவுசெய்கிற அந்தப் பக்கம் செயலியின் உள்ளே இருப்பது மாதிரித் தெரியும். உண்மையில் அதைக் காட்டுவது போனின் இயங்குதளம். நாங்கள் அதில் மேலே கீழே தள்ளிப் பார்ப்பது எதையும் செயலி காணாது. நாங்கள் தொட்ட படம் மட்டும் அதன் கைக்குப் போகும். அதனால் செயலி அனுமதி கேட்கவே தேவையில்லை. திறப்பு எங்களிடமே இருக்கும்.

மற்ற வழி, அலுமாரித் திறப்பையே விருந்தாளியிடம் கொடுத்துவிட்டு, "நீங்களே பாத்து எடுங்கோ" என்று சொல்கிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. படம் எடுத்து முடிந்த பிறகும் திறப்பு அவரிடமே இருக்கும். நாளைக்கு நாங்கள் எடுக்கப்போகிற படத்துக்கும் சேர்த்துத்தான் இன்றைக்கு அனுமதி கொடுக்கிறோம்.

இந்த வழிதான் கனகாலம் வழக்கமாக இருந்தது. அண்ட்ரொய்டில் 2015 இல் வந்த 6 ஆம் பதிப்பு வரைக்கும், செயலியைப் போடும்போதே ஒரு நீளப் பட்டியலைக் காட்டி எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகச் சம்மதம் வாங்கிவிடுவார்கள். பட்டியல் பிடிக்கவில்லை என்றால் செயலியைப் போட முடியாது. 6 இற்குப் பிறகு தேவைப்படும் நேரத்தில் கேட்கத் தொடங்கினார்கள். ஆனாலும் ஒரு படத்துக்காகக் கேட்டாலும், கேட்டது முழுச் சேமிப்பிடத்தையும்தான். அப்பிள் 2020 இல் ஐஓஎஸ் 14 உடன் புதிய பிக்கரையும், "தெரிந்தெடுத்த படங்கள் மட்டும்" என்கிற தெரிவையும் கொண்டுவந்தது. கூகுள் 2022 இல் அண்ட்ரொய்ட் 13 உடன் பிக்கரைக் கொண்டுவந்து, பிறகு அதைப் பழைய பதிப்புப் போன்களுக்கும் கொடுத்தது. 2023 இல் அண்ட்ரொய்ட் 14 உடன் அங்கேயும் அந்த நடுத் தெரிவு வந்தது.

ஒரு விசயம் என்னை யோசிக்க வைத்தது. ஒற்றைப் படத்தை மட்டும் வாங்குகிற வழி அண்ட்ரொய்டில் அதற்கு முன்னரும் இருந்ததாம். செயலிகள் அதைப் பயன்படுத்தாமல் விட்டதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணங்கள்தான். சொந்த நிறத்தில், சொந்த வடிவில் ஒரு கலரியைத் தங்கள் செயலிக்குள் காட்ட ஆசை. கடைசியாக எடுத்த படத்தை உடனே முன்னுக்குக் காட்டினால் பாவிக்கிறவருக்கு லேசு என்கிற நினைப்பு. எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு திறப்பைக் கேட்பதில்லை. ஆனால் நல்ல எண்ணத்தோடு வாங்கின திறப்பும் திறப்புத்தான்.

கெட்ட எண்ணத்தோடு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். விடுதியில் எனக்குப் பக்கத்து அறையில் இருந்த ஒரு பிள்ளை, வீட்டுக்குத் தெரியாமல் ஒரு கடன் செயலியில் கொஞ்சக் காசு எடுத்தவ. பெயர் சொல்ல விரும்பவில்லை. போடும்போது அது தொடர்பு இலக்கங்களையும் கலரியையும் கேட்டிருக்கிறது. அடையாள அட்டையின் படம் ஏற்றத்தானே கேட்கிறது என்று நினைத்துக் கொடுத்திருக்கிறா. தவணை பிந்தின கிழமை அவவுக்கு ஒரு செய்தி வந்தது. கூடவே அவவின் சொந்தப் படம் ஒன்று. அவ எங்கும் போடாத, ஒருவருக்கும் அனுப்பாத படம். அதில் ஒன்றும் பிழையாக இல்லை. வீட்டு உடுப்போடு கட்டிலில் இருக்கிற ஒரு சாதாரணப் படம். ஆனால் அது தன் போனை விட்டு எப்படி வெளியே போனது என்று விளங்காமல் அவ அன்றைக்கு இரவு முழுக்கப் படியில் இருந்தா. நாங்கள் நாலு பேர் காசு சேர்த்துக் கட்டினோம். காசைக் கட்டினோம், படத்தைத் திருப்பி வாங்க முடியவில்லை. திருப்பி வாங்குவது என்று ஒன்று இதில் இல்லவே இல்லை.

இப்படிப் பல நாடுகளில் நடந்ததால்தான், 2023 மே மாத முடிவில் இருந்து தனிநபர் கடன் செயலிகள் பாவிப்பவரின் படங்களையோ தொடர்பு இலக்கங்களையோ எடுக்கக்கூடாது என்று கூகுள் பிளே விதி போட்டது. எப்போதாவது ஒருமுறை படம் தேவைப்படுகிற செயலிகள் முழு அனுமதி கேட்காமல் பிக்கரைத்தான் பாவிக்க வேண்டும் என்பதும் இப்போது அங்கே விதி. ஆனால் பிளேயில் இருந்து எடுக்காமல், யாரோ அனுப்பின லிங்கில் இருந்து இறக்கிப் போடுகிற செயலிகளை அந்த விதி கட்டுப்படுத்தாது.

மாமாவுக்கு ஒரு செயலி தேவைப்பட்டது அந்த அம்மாவின் படத்தால்தான். எட்டுக்குப் பத்து அங்குலப் பிரேமுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் பார்த்தால் 2400 க்கு 3000 புள்ளி வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்பட்டுத்தான் வரும். அதிலும் மகன் நின்றது ஒரு ஓரத்தில். பெரிசாக்கினால் முகம் கரைந்துபோனது. கடைசியில் கனடாவில் இருக்கிறவர்களுக்குச் சொல்லி, மூலப் படத்தை டொக்கியுமென்டாக அனுப்பச் செய்து எடுத்தோம். ஒவ்வொருவருக்கும் இதை விளங்கப்படுத்திக்கொண்டு இருக்க ஏலாது என்று மாமா அலுத்துக்கொண்டார். படத்தைத் தெரிவுசெய்தால் மூலத் தரத்திலேயே கடைக்கு வந்து சேருகிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்றார் அண்ணா.

அவர் அதைச் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான், "ஒரு படத்தை ஏற்றுவது" என்று நாங்கள் லேசாகச் சொல்வதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது.

முதலாவது, நாங்கள் படத்தைத் தொட்டவுடன் செயலிக்குப் போவது படம் இல்லை, படத்தின் விலாசம். அந்த விலாசத்துக்கும் காலம் உண்டு. போனை அணைத்துப் போட்டாலோ செயலி நின்றுபோனாலோ அந்த அனுமதி முடிந்துவிடும். அண்ணா முதலில் செய்ததில், நேற்றுத் தெரிந்த படம் இன்றைக்குத் திறந்தால் சாம்பல் நிறச் சதுரமாக இருந்தது. விலாசத்தை எழுதி வைத்திருக்கிறது, ஆனால் கதவு பூட்டு. அவருக்கு அது தலையிடி. எனக்கு அது பிடித்திருந்தது. ஒருக்காக் காட்டின அல்பத்தைத் திருப்பி அலுமாரிக்குள் வைக்கிற மாதிரித்தானே அது? தொடர்ந்து தேவை என்றால் செயலி இயங்குதளத்திடம் அதைத் தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உடனேயே ஒரு பிரதி எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பாரம். 12 மெகாபிக்சல் படம் ஒன்று சேமிப்பில் மூன்று நாலு மெகாபைட்தான் இருக்கும். ஆனால் திரையில் காட்டுவதற்காக விரித்தால், 4000 க்கு 3000 புள்ளி, ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று கிட்டத்தட்ட 48 மெகாபைட் நினைவகத்தைப் பிடிக்கும். பத்துப் படத்தை அப்படி விரித்தால் 480. எங்கட ஆட்களிடம் இருக்கிற விலை குறைஞ்ச போன்கள் அதைத் தாங்காது, செயலி அப்படியே விழுந்துவிடும். அதனால் பார்வைக்குச் சின்னதாக விரிக்க வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் நாலில் ஒன்றாக்கினால் 1000 க்கு 750, வெறும் 3 மெகாபைட். அச்சுக்குப் போகிற மூலம் தொடாமல் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, படத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறவை. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் கமெரா படுக்கையாகவே புள்ளிகளை எழுதி, "இதைத் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பை மட்டும் பக்கத்தில் வைக்கலாம். அந்தக் குறிப்பை வாசிக்காத செயலியில் எல்லாரும் சரிந்து படுத்திருப்பார்கள். அதே குறிப்புகளுக்குள் படம் எடுத்த நாள், நேரம், போனின் வகை, சிலவேளை எடுத்த இடத்தின் ஆள்கூறுகளும் இருக்கும். வீட்டு முற்றத்தில் எடுத்த படம் என்றால் அது வீட்டின் விலாசம். அண்ட்ரொய்ட் 10 இல் இருந்து அந்த இடத்தகவலைப் படிக்கச் செயலிக்குத் தனி அனுமதி வேண்டும். ஸ்ரூடியோவுக்கு அது எதற்கு? அண்ணா அதைக் கேட்கவில்லை.

மாமாவுக்கும் அண்ணாவுக்கும் ஒரு வாக்குவாதம் வந்தது. மாமா முழு அனுமதி வாங்கச் சொன்னார்.

"தம்பி, வாற சனத்துக்குத் தேடத் தெரியாது. எல்லாம் எங்கட பக்கத்திலயே தெரிஞ்சால் நாங்கள் கெதியா எடுத்துக் குடுப்பம்."

"மாமா, உங்களுக்கு வேண்டியது ஒரு படம். ஒரு படத்தைத்தான் கேக்க வேணும்."

"இத்தனை வருசமாச் சனம் போனையே தந்திட்டுப் போகுது. நான் என்ன களவே எடுத்தனான்?"

"நீங்கள் எடுக்கேல்ல. ஆனா நாளைக்கு உங்கட கொம்பியூட்டரை ஆரும் எடுத்தால்?"

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப எங்கட கையில இல்லாதது களவு போகாது எண்டுறாய்" என்றார். அண்ணா ஓம் என்றார். முழு விவாதத்திலும் எனக்குப் பிடித்த வசனம் அதுதான், அதைச் சொன்னது மாமா.

ஆனால் மாமா சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் தள்ளிவிட விரும்பவில்லை. பிக்கரைப் பாவிக்கத் தெரிந்தவருக்குத்தான் பிக்கர் பாதுகாப்பு. கண் தெரியாத, விரல் நடுங்குகிற, எழுத்து வாசிக்காத ஒருவர் கடைசியில் போனை இன்னொருவர் கையில்தான் கொடுப்பார். அவருக்கு எந்தப் பதிப்பு அண்ட்ரொய்டும் உதவாது. அதனால் கடையில் ஒரு ஒழுங்கு வைத்தோம். போனின் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்காமல் ஒருவரும் போனைத் தொடுவதில்லை. பாமசிக்குப் போக வேண்டும் என்றால் போனையும் கொண்டு போக வேண்டும். போன் கவுண்டரில் அவர்கள் பக்கம் பார்த்தபடி இருக்கும், நாங்கள் தலைகீழாகப் பார்த்துத்தான் உதவுவோம். கழுத்து நோகும், பரவாயில்லை.

அந்த நடுத் தெரிவும் முழுக்கச் சுகமானது இல்லை. ஒரு செயலிக்கு இரண்டு படத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அடுத்த கிழமை திறந்து பார்த்து, "என்ர மற்றப் படங்கள் எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று பதறிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் அழியவில்லை. அந்தச் செயலிக்கு அந்த இரண்டும்தான் தெரியும். ஆனால் அதை யாரும் அவர்களுக்கு அவர்களின் மொழியில் சொல்லவில்லை.

என் வேலை அங்கேதான் தொடங்கியது. செயலியில் வருகிற தமிழ் வசனங்களை எழுதித் தரச் சொன்னார் அண்ணா. அவர் மாதிரிக்குக் கொண்டுவந்த ஒன்றில், "ஊடகக் கோப்புகளை அணுகுவதற்கான அனுமதியினை வழங்குக" என்று இருந்தது. இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதை வாசித்து எங்கட சந்தியில் ஒருவருக்கும் என்ன நடக்கப் போகிறது என்று விளங்காது. விளங்காத வசனத்துக்குக் கீழே இருக்கிற பொத்தானை ஆட்கள் பயத்தில் அமத்துவார்கள், அல்லது அலுப்பில் அமத்துவார்கள். அதைச் சம்மதம் என்று சொல்லலாமா?

நான் எழுதியது இவ்வளவுதான்: "நீங்கள் தொடும் படம் மட்டும் கடைக்கு வரும். மற்றப் படங்கள் எங்களுக்குத் தெரியாது." அதற்குக் கீழே, "வேலை முடிந்து 30 நாளில் உங்கள் படத்தை அழித்துவிடுவோம்." இரண்டாவது வசனத்தை எழுதுவதற்கு முன் மாமாவிடம் கேட்டேன், உண்மையாக அழிப்பீர்களா என்று. எழுதினால் செய்யத்தானே வேண்டும் என்றார். இப்போது மாத முடிவில் அவர் கணினிக்கு முன்னால் இருந்து அழிக்கிறார். சிலர், "வைச்சிருங்கோ அண்ணை, எங்களிட்டத் துலைஞ்சு போனாலும் உங்களிட்ட இருக்கும்" என்று கேட்கிறார்கள். அவர்களின் படத்தை மட்டும் வேறாக வைக்கிறார். எல்லாவற்றையும் ஒருமுறை இழந்த ஊரில் அதுவும் ஒரு நியாயமான ஆசைதான். ஆனால் அதையும் அவர்கள்தான் கேட்க வேண்டும்.

எங்கட நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு நோக்கத்துக்காகத் தகவல் எடுத்தால் அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவு மட்டும் எடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அதை வாசித்தபோது எனக்குச் சட்டமாகத் தெரியவில்லை. விறாந்தையில் இருந்து அல்பம் பார்க்கிற பழக்கத்தை யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது.

இதை வாசிக்கிற உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். செட்டிங்ஸுக்குள் போய் பிரைவசி, பிறகு பெர்மிஷன் மனேஜர், அதில் படங்களும் வீடியோக்களும் என்கிற இடத்தைத் திறவுங்கள். ஐபோன் என்றால் பிரைவசிக்குள்ளேயே போட்டோஸ் என்று இருக்கும். உங்கள் கலரிக்கு யார் யாரிடம் திறப்பு இருக்கிறது என்று அது பெயர் பெயராகக் காட்டும். ஒவ்வொன்றையும் பார்த்து, இவருக்கு இது எதற்கு என்று கேளுங்கள். படங்களைத் திருத்துகிற, பின்சேமிப்புச் செய்கிற செயலிக்கு முழுக்கலரியும் தேவைப்படலாம். மற்றவற்றில் பலவற்றுக்குத் தேவைப்படாது. எடுத்துவிட்டால் செயலி கோவித்துக்கொள்ளாது. தேவைப்பட்டால் திரும்பக் கேட்கும், அப்போது ஒரு படத்தை மட்டும் கொடுக்கலாம்.

உங்கள் போனை முடித்த கையோடு வீட்டில் இருக்கிறவர்களின் போனையும் பாருங்கள், அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான் அம்மாவின் போனைப் பார்த்தேன். பதினாலு செயலிகளிடம் திறப்பு இருந்தது. பஸ் நேரம் பார்க்கிற ஒன்று, பஞ்சாங்கம் ஒன்று, டோர்ச் வெளிச்சம் ஒன்று.

"ஏனம்மா இதுகளுக்கு எல்லாம் குடுத்தனீங்கள்?"

அம்மா அடுப்பில் இருந்து திரும்பாமலே சொன்னார்: "கேட்டது, குடுத்தன்."

வீட்டுக்கு வந்து தண்ணி கேட்கிறவருக்கு இல்லையென்று சொல்லாத பழக்கம் அது. அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். பதினொன்றை அம்மாவே எடுத்துவிட்டார்.